பெரியப்பா மொழிபெயர்த்த படம்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் போன வாரம் அழைத்து, ஒரு பழைய படம் சொல்கிறேன், கண்டிப்பாகப் பார் என்றாள். ஆங்கிலப் படம், கறுப்பு வெள்ளை, அவளுடைய தாத்தா பிறப்பதற்கு முன்னால் எடுத்தது. அவளும் அவளுடைய தோழிகளும் அதை மூன்றாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். ஒரே தெருவில் எதிரெதிரே பூக்கடை வைத்திருக்கும் ஒருத்தியும் ஒருவனும், இரண்டு கடைக்கும் பொதுவாக ஒரே ஒரு வண்டி என்று அவள் ஆரம்பித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மீதிக் கதையை நான் சொன்னேன், வசனத்தோடு. அவளால் நம்ப முடியவில்லை. அம்மா பார்த்த ஆங்கிலப் படங்களில் எல்லாம் பாம்போ முதலையோதான் கதாநாயகன் என்பது அவளுடைய எண்ணம். பெரும்பாலும் சரியான எண்ணம்தான். ஆனால் அந்த ஒரு படத்தின் வசனம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தமிழில்.

படத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது போய்ப் பார்த்துவிட்டு, நான் சொல்லும் வசனம் அதில் எங்கே இருக்கிறது என்று சண்டைக்கு வருவார்கள்.

இத்தனை வருடம் கழித்தும் அதில் என்னதான் இருக்கிறது என்று மகள் கேட்டாள். கதாநாயகியின் தொப்பி என்று சொல்லித் தப்பித்தேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். இந்த மாதிரிப் படங்களில் முடிவு என்னவென்று போஸ்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தெரிந்த முடிவுக்காக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம் என்றால், இரண்டு பேரும் சேர்வார்களா என்பது அங்கே கேள்வியே இல்லை. யார் முதலில் வாயைத் திறப்பது என்பதுதான் கேள்வி. இது ஒரு அமெரிக்கத் தெருவுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. இரணியல் பக்கம் எங்கள் வீட்டிலும் அதே கேள்வி நாலு வருடமாக நடு அறையில் பாய் விரித்துப் படுத்துக் கிடந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா சவுதியில் நர்ஸ், அப்பாவும் அங்கேதான் ஒரு கம்பெனியில். ஐந்து வயதிலேயே என்னைப் பெரியப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். பெரியப்பாவுக்கும் பெரியம்மைக்கும் பிள்ளைகள் இல்லை. ஆகவே நான் செல்லமாக வளர்ந்தேன் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வீட்டில் எனக்கு வேலை இருந்தது. பெரியப்பாவும் பெரியம்மையும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. இரண்டு பேருக்கும் இடையில் நான்தான் தபால் இலாகா.

"ஏட்டி, உனக்க பெரியப்பாட்ட சொல்லு, சோறு ஆறுது" என்பாள் பெரியம்மை. பெரியப்பா இரண்டு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். அவருடைய காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நான் திரும்பி, சோறு ஆறுது என்று சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார். கை கழுவும்போது, குழம்பில் உப்பு எப்படி என்பது என் வழியாகத் திரும்பிப் போகும். எல்லா வீட்டிலும் கணவன் மனைவி இப்படித்தான் பேசிக்கொள்வார்கள், பிள்ளை பெறுவதே இதற்காகத்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

காரணம் சபைத் தேர்தல். எங்கள் பக்கத்தில் பாராளுமன்றத்துக்கு ஓட்டுப் போடாதவன் இருப்பான், சர்ச் கமிட்டிக்கு ஓட்டுப் போடாதவன் இருக்க மாட்டான். நாலு வருடம் முன்பு செயலாளர் பதவிக்குப் பெரியப்பா நின்றார். எதிர்த்து நின்றவர் பெரியம்மையின் சொந்தத் தம்பி, எனக்கு மாமா முறை. பெரியப்பா ஒரே ஓட்டில் தோற்றார். நூறு ஓட்டில் தோற்றிருந்தால் ஊரைக் குறை சொல்லியிருக்கலாம். ஒரு ஓட்டில் தோற்றவனுக்கு அந்த ஓட்டைத் தேடுவது தவிர வேறு வழியில்லை. பெரியப்பா வெகுதூரம் தேடவில்லை. வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதோடு பேச்சு நின்றது.

ஒரு வார்த்தை திட்டவில்லை என்பதை ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். பெரியப்பாவின் சுபாவம் அப்படி. அவர் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். திருவிதாங்கூர் காலத்து மலையாளப் பத்திரங்கள், ஆங்கிலத் தீர்ப்புகள் எல்லாவற்றையும் தமிழாக்கிக் கையெழுத்துப் போடுகிறவர். மூலத்தில் தப்பு இருந்தால் தமிழிலும் அந்தத் தப்பை அப்படியே வைப்பார். ஒரு சொல்லைக் கூட்டுவதோ குறைப்பதோ சாட்சியைக் கலைப்பதற்குச் சமம் என்பார். இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. யாரோ ஒரு வக்கீல் வீட்டுக்கு வந்து ஒரு வரியைக் கொஞ்சம் மாற்றச் சொல்லிக் கேட்டபோது, டீ கூடக் கொடுக்காமல் அனுப்பிய அன்று காதில் விழுந்தது.

எனக்கு ஒன்பது வயதான வருடம் அப்பா லீவில் வந்தபோது ஒரு கலர் டிவியும் டெக்கும் கொண்டு வந்தார். வி.சி.ஆர். என்று சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் புரியாது, டெக்குதான். கூடவே, சவுதியில் அவர் தங்கியிருந்த கேம்பில் யாரோ ஊருக்குப் போகும்போது விட்டுப் போன கேசட் ஒன்று. மேலே ஒட்டியிருந்த தாளில் ஒரு தமிழ்ப் படத்தின் பெயர் இருந்தது, சண்டைக்குப் பேர் போன படம். அப்பா திரும்பிப் போனதும் வந்த முதல் சனிக்கிழமை மத்தியானம், அக்கம்பக்கம் முழுவதும் எங்கள் நடு அறையில் வந்து உட்கார்ந்தது. கேசட்டைப் போட்டோம். தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரி பூக்கூடையோடு ஓடி வந்தாள்.

சண்டை இனிமேல் வரும் என்று கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். கலர் டிவியில் கறுப்பு வெள்ளைப் படம் போட்டு ஏமாற்றியதாக ஒரு அக்கா என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். கடைசியில் மூன்று பேர்தான் மிச்சம். பெரியம்மை சுவரில் சாய்ந்து முறத்தில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். பெரியப்பா நாற்காலியில். நான் டெக்குக்குப் பக்கத்தில்.

"அவ என்னத்துக்குக் கெடந்து ஓடுகா?" என்று பெரியம்மை என்னிடம் கேட்டாள்.

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பிறகு கோர்ட் குரலில், வண்டியின் சாவி இன்று யாருடைய முறை என்பதில் தகராறு, சாவியை எடுக்க ஓடுகிறாள் என்று எனக்குச் சொன்னார். நான் பெரியம்மைக்குச் சொன்னேன். பூக்கடை என்றால் எப்படிப்பட்ட பூக்கடை என்று அவள் கேட்டு அனுப்பினாள். தோவாளைப் பூச்சந்தை மாதிரி, ஆனால் மேற்கூரை உண்டு என்று பதில் வந்தது.

அப்படித்தான் அந்தப் படத்தைப் பார்த்தோம். ஒவ்வொரு வசனமும் மூன்று முறை பேசப்பட்டது. முதலில் ஆங்கிலத்தில், பிறகு பெரியப்பாவின் வாயிலிருந்து எனக்கு, பிறகு என் வாயிலிருந்து பெரியம்மைக்கு. இதற்குள் படம் ஓடிவிடும் என்பதால் நான் டெக்கின் பொத்தானை அமுக்கி நிறுத்த வேண்டும். நிறுத்தினால் படம் குளிர் ஜுரம் வந்தது போல நடுங்கும். கதாநாயகனும் கதாநாயகியும் வாயைத் திறந்தபடி நடுங்கிக்கொண்டு எங்களுக்காகக் காத்திருப்பார்கள். ஒன்றரை மணி நேரப் படத்தில் பாதியைக் கடப்பதற்குள் கரண்டு போய்விட்டது. மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை டிவியைத் தொட்டால் அந்த வீட்டில் ஜெபம்தான் கிடைக்கும். மீதிப் பாதி அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

அந்த வாரத்தில்தான் பெரியம்மை கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள்.

மாமா செயலாளராக ஒரு தவணை இருந்து முடித்து, பேச்சிப்பாறைக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டம் வாங்கிக் குடிபோயிருந்தார். அத்தை வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள், துணைக்கு ஆள் வேண்டும், அடுத்த திங்கள்கிழமை ஜீப் அனுப்புகிறேன் என்று மாமா ஆள் மூலம் சொல்லியனுப்பினார். பெரியம்மை என் வழியாகப் பெரியப்பாவுக்கு அறிவித்தாள். எத்தனை நாளைக்கு என்று பெரியப்பா கேட்கவில்லை. சரி என்று சொல்லு என்றார். பெரியம்மை டிரங்குப் பெட்டியை இறக்கினாள். வேதப்புத்தகம், கல்யாணப் புடவை, குளிருக்கு என்று ஒரு கம்பளி எல்லாவற்றையும் அடுக்கினாள். கடைசியாக முட்டை இடுகிற நாலு கோழிகளையும் கூடையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். காலொடிந்த அத்தைக்கு ஒரு மாதம் ஒத்தாசை செய்யப் போகிறவள் கோழிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வாள், கொடுத்துவிட்டுப் போக மாட்டாள். ஊருக்கே அது தெரிந்தது. அந்தத் தம்பி வீட்டுக்குப் போய் அவள் தங்கிவிட்டால் அந்த ஓட்டு யாருடையது என்பது முடிவாகிவிடும் என்பதும் ஊருக்குத் தெரிந்தது. நானோ, பெரியம்மைக்கு எவ்வளவு தாராள மனசு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. சாப்பிட்டு முடித்ததும் பெரியப்பா யாரும் சொல்லாமலே நாற்காலியை அதே இடத்தில் போட்டார். பெரியம்மை முறத்தை எடுத்துக்கொண்டு வந்து சுவரில் சாய்ந்தாள். முறத்தில் அன்று பயறு இல்லை. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

படத்தின் இரண்டாம் பாதியில் விஷயம் முற்றுகிறது. ஒரு பெரிய கல்யாணத்துக்கான பூ ஆர்டர் அவன் கையை விட்டுப் போய்விடும். அவள்தான் போட்டி வியாபாரியான தன்னுடைய சித்தப்பாவுக்குத் தகவல் கொடுத்துக் கெடுத்தாள் என்று அவன் நினைத்துக்கொள்வான். கடை வாசலில் நின்று அவளைக் கேட்பான். இந்த இடத்தில் பெரியப்பாவின் தமிழ் கொஞ்சம் தடுமாறியது. இருந்தாலும் சொன்னார்.

"அவன் சொல்லுகான்: இது ஒனக்கு மட்டும்தான் தெரியும். வேற யாரும் செய்திருக்க முடியாது."

நான் பெரியம்மை பக்கம் திரும்பிச் சொன்னேன். பொத்தானில் என் விரல் இருந்தது. திரையில் அந்தப் பெண் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அவ செய்யல்லன்னு சொல்லு" என்றாள் பெரியம்மை.

"யாருக்குச் சொல்ல? டிவிக்குள்ள நிக்கவனுக்கா?"

"சொன்னதைச் செய்யிட்டி. கேக்கது யாரோ, அவருக்குச் சொல்லு."

நான் பெரியப்பா பக்கம் திரும்பி, அவ செய்யல்லியாம் என்றேன். பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். செய்யவில்லை என்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். கதாநாயகியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டு, படத்தில் அன்றைக்கு, இன்றைக்கு என்று எதுவும் வரவில்லையே எனக் குழம்பியபடி அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பெரியம்மை முறத்தைக் கீழே வைத்தாள். "அவளுட்ட யாரு கேட்டா? கேட்டாத்தானே சொல்லதுக்கு. கூட்டிக் கழிச்சுப் பாத்தாவ, தீர்ப்பு எழுதினாவ, சட்டையக் கழத்தி மாட்டினாவ. சாட்சிய ஒருக்க விசாரிச்சாவளா?"

இவ்வளவு நீளமான வசனத்தை நான் அதுவரை கொண்டுபோனதில்லை. பாதியில் மறந்துவிட்டது. சட்டையைக் கழற்றினார்கள் என்பது மட்டும் நினைவிருந்தது. அதைச் சொன்னேன். பெரியப்பா, "செரி மக்கா, பொத்தானை விடு" என்றார். படம் நகர்ந்தது.

கடைசிக் காட்சி ரயில் நிலையம். அவள் கடையை மூடிவிட்டு ஊரை விட்டே போகிறாள். மழை. அவன் அந்தப் பொது வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்கிறான். இறங்கி ஓடி வருகிறான். வந்தவன் ஒன்றும் பேசாமல் குடையை விரித்து அவளுடைய தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவன் நனைகிறான். இவ்வளவுதான். மழைச் சத்தமும் எஞ்சின் சத்தமும்தான் கேட்கின்றன. உலகத்தில் அந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் இந்த இடத்தைத்தான் புகழ்கிறார்கள் என்று என் மகள் சொன்னாள். படம் முழுக்க வாய் ஓயாமல் பேசிய இரண்டு பேர் இந்த இடத்தில் மட்டும் பேசாமல் இருப்பதில்தான் அதன் அழகு முழுவதும் இருக்கிறதாம். இருக்கலாம். எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு வசனம் இருந்தது.

"அவன் சொல்லுகான்" என்றார் பெரியப்பா.

நான் திரையைப் பார்த்தேன். அவன் ஒன்றும் சொல்வதாகத் தெரியவில்லை. ஆனாலும் வழக்கப்படி பொத்தானை அமுக்கினேன். குடையும் மழையும் நடுங்க ஆரம்பித்தன.

"நான் கேட்டிருக்கணும். கேக்காம இருந்தது எனக்க தப்பு." பெரியப்பாவின் குரல் கோர்ட் குரலாக இல்லை. மூக்கடைத்தது போல இருந்தது. "ஓட்டு யாருக்குன்னு இனி நான் கேக்கவும் மாட்டேன். போவண்டாம்."

மொழிபெயர்ப்பில் எனக்கும் நாலு வருடச் சர்வீஸ் ஆகியிருந்தது. எனக்கென்று ஒரு தொழில் நேர்மை வந்திருந்தது. அதோடு, ரயில் நிலையத்தில் ஓட்டு எங்கிருந்து வந்தது?

"பெரியப்பா, அவனுக்க வாய் அசையல்லியே."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் அவரால் டிவியே பார்க்க முடியாது. பெரியம்மைதான் பேசினாள்.

"நீ சும்மா கெட. அவரு இங்கிலீஷ் படிச்சவரு. அவருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?"

அந்த வசனத்தை நான் பெரியம்மையிடம் கொண்டுபோகவில்லை. சொல்லாததைச் சொன்னதாக எப்படிச் சொல்வது? அவளும் என்னிடம் கேட்கவில்லை. அந்த வீட்டில் ஒரு பேச்சு என் வழியாகப் போகாமல் நேராகப் போய்ச் சேர்ந்தது அப்போதுதான் என்பதை நான் கவனிக்கவே இல்லை. என் வேலையை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி ஒரு கோபம் மட்டும் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியம்மை கேட்டாள்: "பின்ன, அதுக்கு அவ என்ன சொன்னா?"

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நடுங்குகிற அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். "அவ இன்னும் ஒண்ணும் சொல்லல்ல" என்றார்.

நான் விரலை எடுத்தேன். அந்தப் பெண் குடைக்குள் இன்னும் ஒரு அடி தள்ளி நின்று அவனுக்கும் இடம் விட்டாள். வெள்ளை எழுத்தில் ஏதோ வந்தது. படம் முடிந்தது. பெரியம்மை எழுந்திருக்கவில்லை. "அந்தக் கடைசி எடத்த ஒருக்க கூட போடு" என்றாள். போட்டேன். இந்த முறை பெரியப்பா மொழிபெயர்க்கவில்லை. குடை விரிகிற இடத்தைப் பெரியம்மை இன்னொரு முறையும் போடச் சொன்னாள். பொத்தானை அமுக்கி அமுக்கி என் விரல் சிவந்துவிட்டது. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சல் வந்தது.

திங்கள்கிழமை காலையில் ஜீப் வந்தது. ஓட்டி வந்தவர் மாமாவின் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர். டிரங்குப் பெட்டி முந்தின வாரமே கட்டி முடித்து வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் அதைத் தூக்கக் குனிந்தார். பெரியப்பா கோர்ட்டுக்குப் புறப்படாமல், தேய்த்த சட்டையையே மறுபடியும் தேய்த்துக்கொண்டு உள்ளே நின்றிருந்தார். பெரியம்மை சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, பெட்டியை அங்கேயே வைக்கச் சொன்னாள்.

"தம்பிட்ட சொல்லும், அங்க ஒரு வேலைக்காரிய வைக்கச் சொல்லி. எனக்கு இப்பம் வர ஒக்காது."

"ஏன் அக்கா? ஒடம்புக்கு வல்லதும் சொகம் இல்லியா?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. இஞ்ச ஒரு படம் பாத்துக்கிட்டு இருக்கோம். முடியல்ல."

ஜீப்காரர் பெரியம்மையைப் பார்த்தார், பிறகு உள்ளே டிவியைப் பார்த்தார், பிறகு தேய்ப்புப் பெட்டியோடு நிற்கிற பெரியப்பாவைப் பார்த்தார். மாமாவிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்ற கவலை அவருடைய முகத்தில் நன்றாகத் தெரிந்தது. செய்தி கொண்டுபோகிற தொழிலில் இருப்பவள் என்ற முறையில் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. தப்பான செய்தியைக் கொடுத்து அனுப்புகிறார்களே என்று நான் நடுவில் புகுந்தேன்.

"பெரியம்மை, படம் சனிக்கிழமையே முடிஞ்சு போச்சு. நாம அத மூணு மட்டம் பாத்தோம்லா?"

பெரியம்மை என் தலையில் செல்லமாக ஒன்று வைத்தாள். உள்ளே பெரியப்பா சிரித்தார், அல்லது இருமினார். பெரியம்மை ஜீப்காரருக்குக் காப்பி போடப் போனாள். பாவம், எவ்வளவு விளக்கிச் சொல்லியும் படம் முடிந்தது கூடத் தெரியாமல் இருக்கிறாளே, இங்கிலீஷ் தெரியாவிட்டால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டேன்.